வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

ஈரப்புடவையைப் பிழிய முடியாமல் போனதுதான் என் பெரியம்மாவுக்கு முதல் அறிகுறி. கல்லில் அடித்து அலசிவிடுவார். பிழியும்போது மட்டும் மணிக்கட்டு மறுக்கும். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு, "மிச்சத்த வெயில் பாத்துக்கும்" என்பார். அப்புறம் காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை. பத்து மணி ஆனபிறகே கரண்டி பிடிக்க வரும். வளையல் ஏற மறுத்தது. ஏறியது இறங்க மறுத்தது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லில் முடித்தோம்: வாதம். முடக்கத்தான் தோசை வந்தது, தைலம் வந்தது, கடைசியில் தெருமுனை மெடிக்கலில் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்த நாலு மாத்திரை வந்தது. நாலில் ஒன்று, சின்னதாய் வெள்ளையாய் இருந்தது. அதைப் போட்ட மறுநாள் பெரியம்மா புடவை பிழிந்தார்.

அது ஸ்டீராய்டு என்று எங்களுக்குத் தெரியவரப் பல வருடம் ஆயிற்று. அதற்குள் முகம் உப்பி, எலும்பு உளுத்து, பத்து விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அவருக்கு வேண்டிய மருந்து அன்றைக்கே இருந்தது, விலையும் பெரிதல்ல. எப்போது கொடுப்பது, எவ்வளவு சீக்கிரம் கொடுப்பது என்பதை மருத்துவ உலகமே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது. மூட்டு நோய் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் புதுப்புது ஊசிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு நாள்காட்டியில் இருப்பதாகவே படுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாதம் என்று நாம் சொல்லும் ஒரு சொல்லுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் குடியிருக்கின்றன. வயதும் எடையும் சேர்ந்து முழங்காலைத் தேய்ப்பது மூட்டுத் தேய்மானம். உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவது முடக்குவாதம். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கிக் கொதிப்பது கவுட். சிக்குன்குன்யா வந்து போனபின் மாதக்கணக்கில் விடாத வலி இன்னொன்று. ஐரோப்பாவிலும் இந்தக் கலவை வெகுகாலம் பிரியவில்லை. 1800-ல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் லாந்த்ரே போவே என்ற இளம் மருத்துவர் ஒன்பது பெண்களின் மூட்டு வீக்கத்தைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். கவுட் அதுவரை வளமாகச் சாப்பிடும் ஆண்களின் நோய். இவர் பார்த்ததோ ஏழைப் பெண்களை. இது வேறு ஏதோ என்ற ஐயம் அங்கே எழுந்தது. 1848-ல் லண்டனின் ஆல்ஃபிரட் கேரட், கவுட் நோயாளியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். ரத்த நீரில் அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலைப் போட்டுவைத்தால் நூலைச் சுற்றிப் படிகம் கட்டும். பின்னால் அவர் எளிதாக்கிக்கொண்ட சோதனை அவ்வளவுதான். முடக்குவாதத்துக்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரை 1859-ல் வைத்தவரும் அவரே.

கவுட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அதன் வலிக்குத் தரப்படும் கோல்சிசின் என்ற மருந்தை ஐரோப்பியர் தங்கள் ஊர்க் கிழங்குப்பூ ஒன்றிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லிக் கம்பிப் பந்தலில் கொடியேற்றுகிறார்கள். பூக்கும் பருவத்தில் காலையில் போய் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். அந்த விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. மாநில மலர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு, எங்கோ ஒரு கிழவரின் கால் கட்டைவிரலுக்கும் அந்தப் பூவுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லித்தரலாம். கவுட் ஆராய்ச்சி பெரும்பாலும் வென்ற கதை: காரணம் தெரியும், அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் உண்டு, படிகம் எப்படி அழற்சியைக் கிளப்புகிறது என்பதும் 2006 முதல் மூலக்கூறு அளவில் தெரியும். முடக்குவாதம் அவ்வளவு எளிதில் பிடி கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் 1929-ல் ஒரு விந்தையைக் கவனித்தார். முடக்குவாதக்காரர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டு வலி போய்விட்டது. பிறகு கர்ப்பிணிகளைப் பார்த்தார். அவர்களிலும் பலருக்கு வலி அடங்கி, பிரசவத்துக்குப் பின் திரும்ப வந்தது. தீராது என்று எழுதிவைத்த நோய் தானாக அடங்குகிறதென்றால், உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து சுரக்கிறது. அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்து இருபது வருடம் தேடினார். பித்த உப்பு கொடுத்துப் பார்த்தார், காமாலைக்காரரின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் அட்ரீனல் சுரப்பியின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழ முடியாத 29 வயதுப் பெண்ணுக்கு அவற்றில் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் கடைவீதிக்குப் போய்வந்தார். பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்ற ஸ்டீராய்டு அது. ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-லேயே நோபல் பரிசு.

பரிசு கொடுத்த வேகத்தில் பக்கவிளைவு தெரியவில்லை. அது மெல்லத்தான் வந்தது: நிலா முகம், உடையும் எலும்பு, சர்க்கரை, தொற்று. மருந்தை நிறுத்தினால் நோய் முன்னைவிடச் சீறியது. வலியை அடக்கினாலும் ஸ்டீராய்டை அந்த அளவில் ஆண்டுக்கணக்கில் கொடுக்க முடியாது என்று தெரிய ஒரு தலைமுறை நோயாளிகள் விலை கொடுத்தார்கள். எங்கள் தெருமுனை மெடிக்கல்காரர் 1948-ன் அந்த முதல் வாரத்திலேயே நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் போனவர்கள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் விவாதம் இன்றும் முடியவில்லை. 65 வயது தாண்டிய முடக்குவாதக்காரர்களுக்குத் தினம் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மட்டும் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2022-ல் வெளியானது. மூட்டு அழிவு குறைந்தது. தொற்று கொஞ்சம் கூடியது. குறைந்த அளவு, குறைந்த காலம், மருத்துவர் கண்முன் என்ற மூன்று நிபந்தனையோடு ஸ்டீராய்டு இன்றும் பயனுள்ள மருந்துதான்.

இப்போது, பெரியம்மாவுக்கு வேண்டியிருந்த அந்த இன்னொரு மருந்து. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப்போலவே தோற்றமளித்து, அதன் வேலையைக் கெடுக்கும் போலியைச் செய்தால் வேகமாகப் பெருகும் செல் பட்டினி கிடக்கும். அப்படி அவர் குழு செய்த அமினாப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து 1948-ல் வெளியிட்டார். சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டுதான். 1951-ல் நியூயார்க்கின் கப்னர் என்ற மருத்துவர் இந்த மருந்தை முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுத்து, பலன் இருக்கிறது என்று எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஊரெல்லாம் கார்டிசோன் பேச்சாக இருந்த நேரம் அது. புற்றுநோய் மருந்தை மூட்டு வலிக்குக் கொடுப்பதா என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது.

தோல் மருத்துவர்கள் மட்டும் இதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டை விடவில்லை. அவர்களிடமிருந்து மூட்டு மருத்துவத்துக்கு அது திரும்பிவர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1985-ல் மைக்கேல் வைன்பிளாட் குழு 28 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது. 1988-ல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கு இதை அங்கீகரித்தது. 1951-க்கும் 1988-க்கும் இடையே மருந்து அலமாரியிலேயே இருந்தது. எத்தனை கைகள் அந்த இடைவெளியில் கோணிப்போயின என்பதற்குக் கணக்கில்லை. இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான்.

இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டும். மூட்டுக்குத் தரும் அளவு புற்றுநோய் அளவில் சிறு பங்கு. அதைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணு குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை என்றால் தினம் போடுவது என்று பழகிய வீடுகளில் இந்தத் தவறு நேர்கிறது. சில சமயம் சீட்டைச் சரியாகப் படிக்காத மருந்துக்கடையிலும் நேர்கிறது. அதனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் சீட்டில் மருந்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'ஞாயிறு' என்று எழுதி வட்டமிடுகிறார்கள். ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில் கொடுக்கிறார்கள். கல்லீரல், ரத்த எண்ணிக்கை இரண்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் 'இது கேக்கலை' என்று விட்டுவிட்டு மெடிக்கல் பொட்டலத்துக்குத் திரும்புகிறார்கள்.

மருந்து கிடைத்த பிறகும் பழைய முறை மாறவில்லை. முதலில் வலிமாத்திரை, அது கேட்காவிட்டால் மெல்ல மேலே போவது, எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிந்தபின் கடுமருந்து. இதைக் கவிழ்த்துப்போட்ட ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது கிளாஸ்கோவில் நடந்து 2004-ல் வெளியான ஒன்று. அதில் புது மருந்தே கிடையாது. 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியை மாதாமாதம் வரவழைத்து, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று எண்ணி, இலக்கை எட்டாவிட்டால் அன்றைக்கே மருந்தைக் கூட்டினார்கள். பதினெட்டு மாதத்தில் வழக்கமான பாதியில் 16 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. எண்ணிப் பார்த்த பாதியில் 65 சதவீதம். இரு பக்கமும் பழைய மருந்துகள்தான். வித்தியாசம் எண்ணியதிலும் தாமதிக்காததிலும் இருந்தது. அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் பலன் பன்மடங்கு என்பதை அந்தக் காலகட்டத்தின் வேறு ஆய்வுகளும் காட்டின.

புது மருந்துகளின் கதையும் சுவையானதுதான். மூட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு முடக்குவாதத்தில் தடித்து, பக்கத்துக் குருத்தெலும்பை அரித்துத் தின்கிறது. அந்தச் சவ்வுக்குள் செல்கள் ஒன்றையொன்று தூண்டும் தூதுப் புரதங்கள் பல. இத்தனை இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைத்தார்கள். லண்டனின் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் நோயாளிகளின் சவ்வுச் செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். மற்றவையும் கூடவே தணிந்தன. தலைவனைப் பிடித்தால் கூட்டம் கலையும் என்பதுபோல. 1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் 20 பேருக்கு ஊசி போட்டார்கள், நன்றாகக் கேட்டது. சில மாதத்தில் நோய் திரும்பியது. ஊசியைத் தொடர வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

தொடர வேண்டிய ஊசி என்றால் வணிகம் தொடங்கிவிடும். 1998 முதல் சந்தைக்கு வந்த இந்த வகை ஊசிகளில் அடாலிமுமாப் உலகிலேயே அதிகம் விற்கும் மருந்தாகப் பல ஆண்டுகள் இருந்தது. இந்திய நிறுவனம் ஒன்று 2014 இறுதியில் அதன் நிகர்மருந்தைக் கொண்டுவந்தபின் விலை இறங்கியது என்றாலும், நடுத்தர வீட்டுக்கு இன்றும் அது சுமையே. நமக்கு இன்னொரு தலைவலி காசநோய். டிஎன்எஃப்தான் உறங்கும் காசக்கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கிறது. ஊசி அந்தச் சுவரை இடித்துவிடும் என்பது 2001-ல் தெளிவாயிற்று. ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயமானது அதன் பிறகுதான். இத்தனைக்கும் மேல், மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிக்ளோரோகுயின் என்ற மூன்று பழைய மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதையும், மெத்தோட்ரெக்சேட்டோடு ஊசி போடுவதையும் 353 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வந்தது. மாத்திரைக் கூட்டு ஊசிக்குக் குறைந்ததல்ல என்பது முடிவு. மாத்திரை கேட்காதவர்களுக்கு ஊசி வரம். அவர்கள் கணிசமான பேர். ஆனால் முதல் மாதமே ஊசிக்குப் போகச் சொல்பவரிடம் இந்த ஆய்வைப் பற்றிக் கேட்கலாம், தப்பில்லை. டோஃபாசிடினிப் போன்ற புது வாய்வழி மருந்துகள் 2012 முதல் வந்தன. இதயநோய் அபாயம் உள்ள முதியவர்களிடம் அவை மாரடைப்பையும் புற்றுநோயையும் கூட்டக்கூடும் என்று பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. கார்டிசோனின் பாடம் மறுபடியும்.

சரி, முடக்குவாதம் ஏன் வருகிறது? இங்கேதான் ஆராய்ச்சி இன்னும் பாதி வழியில் இருக்கிறது. நார்வேயின் எரிக் வாலர் 1940-ல் கவனித்ததிலிருந்து பிறந்ததுதான் ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை. அதை 'பாசிட்டிவ்' என்று பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களை எந்த மூட்டு மருத்துவரும் தினம் பார்க்கிறார். நோயே இல்லாத முதியவருக்கும் அது வரும். நோய் முற்றியவர் சிலருக்கு வராமலும் இருக்கும். இதைவிட நம்பகமானது தொண்ணூறுகளின் இறுதியில் வந்த ஆன்டி சிசிபி என்ற சோதனை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு, பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்கள் முன்பு தானமாகக் கொடுத்த ரத்தம் வங்கியில் உறைந்து கிடப்பதை எடுத்துச் சோதித்தது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் முதல் வலிக்குச் சராசரியாக நாலரை ஆண்டுக்கு முன்பே எதிர்ப்பொருள்கள் இருந்தன. அப்படியானால் நோய் மூட்டில் தொடங்கவில்லை. புகைபிடிப்பவரின் நுரையீரலில் புரதங்கள் உருமாறுவதையும், குறிப்பிட்ட மரபணு உள்ளவரிடம் அது எதிர்ப்பைக் கிளப்புவதையும் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈறு நோய்க் கிருமி, குடல் கிருமி என்றும் சந்தேகப் பட்டியல் நீள்கிறது. ஆனால் நம் ஊர் நோயாளிகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் பீடி, சிகரெட் தொடாத பெண்கள். அடுப்புப் புகையா, வேறேதாவதா என்று நம் மண்ணிலேயே தேட வேண்டிய கேள்வி இது. டெல்லியை ஒட்டிய பல்லப்கர் கிராமங்களில் நடந்து 1993-ல் வெளியான கணக்கெடுப்பு, பெரியவர்களில் 0.75 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர்; ஒரு பெரிய ஊராட்சிக்கு ஒரு பேருந்து நிறைய.

நோய் வருமுன்பே தெரிகிறதென்றால் வருமுன் தடுக்கலாமே. நெதர்லாந்தின் லைடனில், வலி மட்டும் உள்ள 236 பேரில் ஒரு பாதிக்கு ஓராண்டு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் ஒரே அளவில் நோய் வந்தது. மருந்து போட்டவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன, அவ்வளவே. அபாடசெப்ட் என்ற ஊசியை ஓராண்டு போட்ட இன்னோர் ஆய்வில், ஆண்டு முடிவில் ஊசிக்காரர்களில் 6 சதவீதம், போலி ஊசிக்காரர்களில் 29 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. ஊசியை நிறுத்தி இன்னோர் ஆண்டு ஆனபோது அது 25-க்கு 37 என்று நெருங்கிவிட்டது. ஒத்திப்போட முடிகிறது, ஒழிக்க முடியவில்லை.

நம் பக்கத்தில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். ஆயுர்வேதம் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றும். நவீன சோதனையோ எல்லாருக்கும் ஒன்றே வேண்டும் என்னும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது என்று இரு தரப்பும் நெடுநாள் சொல்லிவந்தன. கோயம்புத்தூரின் ஆயுர்வேத அறக்கட்டளையும் லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைச் செய்துகாட்டின. 43 நோயாளிகள், 36 வாரம், மூன்று குழு: ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும். யார் எதை உண்கிறார் என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. ஆயுர்வேத மருந்துக்கும் போலி செய்தார்கள். 2011-ல் வெளியான முடிவில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. 43 பேரை வைத்து எதையும் அறுதியிட முடியாது; ஆய்வாளர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். இதன் அடுத்த கட்டமாக நானூறு பேரிடம் ஒன்று நடந்திருக்க வேண்டும். முடக்கத்தான் கீரையின் பெயரிலேயே மருத்துவக் குணம் எழுதியிருக்கிறது என்று மேடையில் பேசுவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கு இதற்குப் போயிருக்கலாம். நாட்டு மருந்து என்ற பெயரில் விற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகங்களில் பிடிபட்டதும் உண்டு. நேர்மையான வைத்தியருக்கும் அதனால்தான் கெட்ட பெயர்.

மூட்டுத் தேய்மானத்தில் ஆராய்ச்சி அதிகம் சாதித்தது, எது பயனில்லை என்று காட்டியதில்தான். 2002-ல் ஹூஸ்டனில் 180 பேரில் ஒரு பகுதியினருக்கு முழங்காலில் துளையிட்டுக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். மற்றொரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஆகியும் வலியில் வித்தியாசமில்லை. குளுக்கோசமைன் 1,583 பேரிடம் சோதிக்கப்பட்டு, மொத்தத்தில் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. கடைகளில் இன்னும் நன்றாக விற்கிறது. எடை குறைந்தால் முழங்கால் வலி குறையும் என்று பாட்டி சொன்னதை, எடை குறைக்கும் செமாக்ளுடைடு ஊசி 2024-ல் எண்களோடு நிரூபித்தது. தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கனில் நடப்பதைத்தான் இப்போது துறை முழுதும் கவனிக்கிறது. நோயாளியின் எதிர்ப்புச் செல்லையே வெளியில் எடுத்து, மரபணுவை மாற்றி, எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களை வேட்டையாட உள்ளே விடுகிறார்கள். முடக்குவாதத்தைப் போலவே எதிர்ப்புச் சக்தி சொந்த உடலைத் தாக்கும் லூபஸ் உள்ளிட்ட மூன்று நோய்களில் 15 பேரின் விவரம் 2024-ல் வந்தது. எல்லாரும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மற்ற மருந்துகளை நிறுத்தியிருந்தார்கள். எத்தனை காலம் நிற்கும், எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்பவை கேள்விகளாக நிற்கின்றன.

சென்ற வருடம் நண்பர் ஒருவரின் மகளோடு மூட்டு மருத்துவரிடம் போயிருந்தேன். 31 வயது. துணி பிழிகிற வேலை அவளுக்கு இல்லை, மெஷின் செய்கிறது. ஸ்கூட்டி பிரேக் பிடிக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. மருத்துவர் ரிப்போர்ட்டைத் திறக்குமுன் கை குலுக்குவதுபோல அவள் கையை வாங்கி, விரல் மூட்டு வரிசையை இருபக்கமும் லேசாக அமுக்கினார். அவள் முகம் சுருங்கியது. "காலையில கை மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" ஒரு மணி நேரம் என்றாள். "எத்தனை நாளா?" ஏழு வாரம். அவர் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "குழந்தை பெத்துக்கிற யோசனை இருக்கா?" இருக்கிறது என்றாள். கர்ப்ப காலத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடாது. சல்ஃபாசலசீனும் ஹைட்ராக்சிக்ளோரோகுயினும் எழுதினார். "மாசமானதும் வலி குறையலாம், பெத்ததும் திரும்பலாம். அப்ப உடனே வந்துடணும்" என்றார். ஹென்ச் பார்த்த அதே கர்ப்பிணிகள். ஏன் அடங்குகிறது என்று முழுசாக இன்னும் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வந்தால் மூட்டை எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லி, தேதியைச் சீட்டின் மூலையில் எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார்.